தீப்பெட்டி அளவு ரயில்

கல்யாணமாகி நான் வந்த வீடு தாம்பரத்துக்கு அடுத்து, பெருங்களத்தூர் பக்கம். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப். ரயில்வே கேட் வழியாகப் போனால் ஊரையே சுற்ற வேண்டும் என்பதால், காலையில் எங்கள் தெருவே தண்டவாளத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகும். நானும் போனேன். சேலையூரில் ஒரு பாத்திரக் கடையில் எனக்கு பில் போடும் வேலை.

நான் படப்பைக்காரி. பஸ்ஸைத் தவிர வேறொன்றும் பார்த்து வளரவில்லை. என் கணவரோ அந்தத் தெருவிலேயே பிறந்தவர். வந்த புதிதில் எனக்குப் பாடம் எடுத்தார்.

"ரயில் தீப்பெட்டி சைஸ்ல தெரிஞ்சா தாராளமா தாண்டலாம். டிபன் பாக்ஸ் சைஸ் ஆயிடுச்சுன்னா நிக்கணும். அவ்ளோதான்."

தெருவில் எல்லோருக்கும் இதுதான் கணக்கு. பால் வாங்கப் போகிறவர்கள்கூட ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தாமல் தாண்டுவார்கள். ஹாரனை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அது நாள் முழுக்க அலறிக்கொண்டுதான் இருக்கும்.

எனக்கு மட்டும் அந்தக் கண் வரவே இல்லை. கண்ணுக்குத் தெரிகிற ரயிலெல்லாம் என்னைத் தேடித்தான் வருகிறது என்று தோன்றும். நின்றுவிடுவேன்; அவர் வா என்று கூப்பிட்டால்தான் கால் நகரும். "மேடம் தாண்டுறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும்" என்று வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு மீட்டர்கேஜ் போய் பிராட்கேஜ் வந்தது. ரயில் அகலமானது, உயரமானது, வேகமும் கூடியது. தெருக்காரர்களின் கண் மட்டும் பழைய சின்ன ரயிலோடு நின்றுவிட்டது. அதே தீப்பெட்டி, அதே டிபன் பாக்ஸ்.

அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். குறுக்கே போகிற பஸ்ஸின் வேகம் யாருக்கும் தெரியும், பின்னால் இருக்கும் கடைகளைத் தாண்டித் தாண்டிப் போகிறதே. நேராக நம்மைப் பார்த்து வருவது எதையும் தாண்டுவதில்லை. இருந்த இடத்திலேயே இருந்து பெருக்கிறது. பெருப்பதும் முதலில் கண்ணில் படாது. படும்போது பக்கத்தில் வந்திருக்கும். அதிலும் உருவம் பெரிதாக இருந்துவிட்டால் யானை நடக்கிற மாதிரி நிதானமாகத் தெரியும். இதெல்லாம் நான் பிற்பாடு யோசித்து யோசித்துக் கண்டுகொண்டது. அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது.

அன்று காலை மழை விட்டிருந்தது. என் கணவர் என்னுடைய சாப்பாட்டுப் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். முதல் லைனைத் தாண்டியதும் என் செருப்புக்குள் ஜல்லி ஒன்று புகுந்துகொண்டது. குனிந்து அதை எடுத்துவிட்டு நிமிர்வதற்குள் அவர் இரண்டாவது லைனையும் தாண்டி அந்தப் பக்கம் நின்றிருந்தார். நான் இரண்டு லைன்களுக்கும் நடுவில் தனியாக நின்றேன்.

செங்கல்பட்டு பக்கமிருந்து ஒரு ரயில். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது நின்றுகொண்டிருப்பதாகத்தான் எனக்கும் தெரிந்தது.

அவர் ஒரு பார்வை பார்த்தார். "வா, டைம் இருக்கு."

நான் நின்றேன்.

"தூரத்துல இருக்கு, வான்றேன்ல. பஸ் வந்துடும்."

அந்தக் குரலில் இருந்த சலிப்பு என்னைச் சுட்டது. தினமும் இதற்குத்தானே சிரிக்கிறார்கள் என்று ரோஷம் வந்தது. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தண்டவாளத்துக்கு உள்ளே வைத்தேன். வைத்துவிட்டு இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தேன். சற்று முன் வெறும் விளக்காக இருந்ததற்கு இப்போது இரண்டு கண்ணாடி ஜன்னல்கள் இருந்தன. ஒன்றுக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தார்.

காலை எப்படி இழுத்தேன் என்று தெரியவில்லை. பின்பக்கமாக ஜல்லி மேல் விழுந்தேன். காற்று என் முகத்தில் அடித்தது. பிறகு பெட்டி, பெட்டி, பெட்டி. கீழே சக்கரங்களுக்கு நடுவில் அந்தப் பக்கத்து வெளிச்சம் விட்டு விட்டுத் தெரிந்தது. அவர் கால்களைத் தேடினேன். தெரியவில்லை. என்னைத் தேடி ஓடி வந்திருப்பாரோ என்று நினைத்தேன். கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

அதற்குள் எனக்குப் பின்னால் கூடையோடு வந்து சேர்ந்திருந்த மீன்காரம்மா என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "எய்ந்துக்காதே, குந்து. அப்டியே குந்து."

கடைசிப் பெட்டி போனது. அந்தப் பக்கம் என் கணவர் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். பை கீழே கிடந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. முதலில் தண்டவாளத்தைப் பார்த்தார். ரயில் போன திசையில் தண்டவாளத்தின் மேலேயே கொஞ்ச தூரம் கண்ணை ஓட்டிக்கொண்டு போனார். எதைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. மீன்காரம்மாதான் கத்தினார்.

"யோவ், இங்க கீதுய்யா உன் பொண்டாட்டி. நல்லாத்தான் கீது."

பஸ் ஸ்டாப்பில் போய் நின்றோம். என் முழங்கையில் ரத்தம். அவர் கைக்குட்டையை வைத்து அழுத்தினார். எனக்கு அவர் மேல் கோபமும் இருந்தது, அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது.

"எதுக்குங்க கீழே தேடினீங்க?" என்று கேட்டேன்.

"நீ வந்துருப்பேன்னு நெனச்சேன்."

"ரயில் அவ்ளோ கிட்ட வந்தப்புறமா?"

"நான் வான்னு சொன்னா நீ வராம இருந்ததே இல்லையே."

வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் சுதாரித்துக்கொண்டேன் என்று பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது அவர் மேல் இரக்கப்படத் தோன்றவில்லை.

"வந்தேங்க" என்றேன். "ஒரு கால் உள்ள வெச்சேன்."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் கொடுத்தார். என் கணவர் ஏறவில்லை, என் முழங்கையிலிருந்து கைக்குட்டையையும் எடுக்கவில்லை.