சங்கச் செயலாளரின் கடிதம்

கொட்டாஞ்சேனையில் எங்கள் கொள்கலன் லொறி உரிமையாளர் சங்கத்தின் செயலாளர், கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய வெள்ளைச் சட்டைக்காரர். எதைக் கேட்டாலும் விதிப் புத்தகத்தைத் திறந்து உரக்க வாசித்த பிறகுதான் பதில் சொல்வார்.

வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாள், பொரளையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய மருந்துப் பெட்டிகள் என் லொறியில் ஏற்றியபடியே கிடந்தன. அனுமதி கேட்டுப் போனேன். அவர் வாசித்துவிட்டு, "ஸ்ட்ரைக் நேரம் மெம்பர்மாரின்ட லொறி ஓடக்கூடாது" என்றார்.

"மருந்து ஐயா. நோயாளியள் காத்துக்கொண்டு இருக்கினம்."

சற்று யோசித்தார். "லொறித் திறப்பைத் தாங்கோ."

என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு அவரே பொரளைவரை ஓட்டினார். பெட்டிகளை இறக்கவும் கைகொடுத்தார். சங்கத்துக்குத் திரும்பியதும் ஒரு கடிதம் எழுதி நீட்டினார். விதியை மீறி லொறி ஓடியதால் என்னை மூன்று மாதம் சங்கத்திலிருந்து இடைநிறுத்தியிருந்தார்.

"ஓட்டினது நீங்களெல்லோ?"

"ஓம். நான் இஞ்ச சம்பளத்துக்கு வேலை செய்யிறவன். மெம்பர் நீங்கள்தானே. பிழையெண்டால் அப்பீல் பண்ணுங்கோ."

வீட்டில் மனைவியிடம் கோபமாகத்தான் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவள், "நீங்கள் அவரை ஏசுறீங்களோ, புகழுறீங்களோ?" என்று கேட்டாள். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

மூன்று மாதமும் கழிந்தது. நான் அப்பீல் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பது இன்னும் விளங்கவில்லை.