தெர்மாகோல் ஸ்லாபும் என் வீட்டுக்காரியும்

போன வருஷம் ஆடி மாசம், எங்கள் ஊர் பாகூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் மண்டபம் சல்லிசாகக் கிடைத்தது. அங்கே திரையிட்டது என் மனைவியைப் பற்றிய காமெடிப் படம்!

என் வீட்டுக்காரி செல்போனில் உள்ளூர்ச் செய்தி போடும் நிருபர். சாதாரண நிருபர் இல்லை. எதையும் தானே அனுபவித்துப் பார்த்தால்தான் நம்புவாள். குடிதண்ணீர் கலங்கலாக வருகிறது என்றால், கேமரா முன்னாலேயே ஒரு டம்ளர் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பாள். பஸ் வரவில்லை என்ற செய்திக்காக ஸ்டாப்பில் உட்கார்ந்து ஒரு கூடை சின்ன வெங்காயம் உரித்தாள். உரித்து முடித்தும் பஸ் வரவில்லை.

ஒருநாள் எங்கள் கடைத்தெருவில் சாக்கடைக்கு மூடி இல்லை என்று லைவில் பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்தவள், அதற்குள்ளேயே விழுந்துவிட்டாள். விழுந்தும் மைக்கை விடாமல் செய்தியைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். ஆனால் ஜனங்களுக்கு அவள் விழுந்தது மட்டும்தான் ஞாபகம் இருந்தது. "சாக்கடை நியூஸ்" என்று பேரே வைத்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் காலேஜில் விஸ்காம் படித்த எங்கள் ஊர்ப் பையன்கள் அவள் கதையைப் படமாக எடுக்க வந்தார்கள். "உண்மைய மாத்தாம எடுங்கடா" என்று அவளும் தலையாட்டினாள். புருஷன் வேஷத்துக்கு நானே வருகிறேன் என்றேன். ரெண்டு டயலாக் பேசவைத்துப் பார்த்த டைரக்டர் பையன், "மாமா, நீங்க அக்கா புருஷன் மாதிரியே இல்ல மாமா" என்றான். இன்னா திமிர் பாருங்கள்! இத்தனை வருஷம் அவளோடு குப்பை கொட்டுகிறவன் நான்! கடைசியில் எனக்குக் கிடைத்த வேலை, சிமெண்ட் கலர் அடித்த தெர்மாகோல் ஸ்லாபை ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கியது. கிளைமாக்ஸில் அதை வைத்துச் சாக்கடையை மூடி, நிருபர் அக்காவுக்கு மாலை போடுகிறார்களாம்.

படம் போடுகிற அன்று காலையில் அவள் சொன்னாள்: "இன்னிக்கும் ஊரு என்னைக் கேலி பண்ணுச்சுன்னா, இதோட மைக்க மூட்ட கட்டி வச்சிடறேன்." நான் வேலை பார்க்கிற சேதராப்பட்டு கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

அவள் வேஷத்தில் நடித்த பொண்ணு சாக்கடையில் விழுகிற சீன் வந்தது. மண்டபமே குலுங்கிச் சிரித்தது. பதறிப்போய் அவள் கையைப் பிடித்தேன். பார்த்தால் அவளும் கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிறாள். "இந்தப் பொண்ணு என்னைவிட நல்லா வுழுறா இல்ல?" என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

ஆனால் ஸ்லாப் சீனுக்கு எல்லோரும் கை தட்டியபோது, விருட்டென்று எழுந்து நேராக மேடைக்குப் போய் மைக்கைப் பிடுங்கினாள்.

"நான் வுழுந்தது நெஜம், எவ்ளோ வேணா சிரிங்க. ஆனா இந்த ஸ்லாப் பொய். வெறும் தெர்மாகோல். சாக்கடை இன்னும் தொறந்துதான் கெடக்குது."

டைரக்டர் தலையைச் சொறிந்தான். "காமெடிப் படம்க்கா, சந்தோஷமா முடியணும்ல..."

"அப்ப நெஜ ஸ்லாப் போட்டப்புறம் வந்து எடு!"

சாக்கடைக்கு மூடி போடும் வேலையை எடுத்த கான்ட்ராக்டர், விழாவில் போர்த்திய சால்வையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கம் செல்போனைத் திருப்பி, லைவை ஆன் பண்ணி, "சார், எப்ப போடுவீங்க? தேதி சொல்லுங்க" என்றாள். பின்வரிசையில் யாரோ விசிலடிக்க, மண்டபமே கை தட்டியது. நானும் விசிலடித்தேன், எனக்குக் காத்துதான் வந்தது. மனுஷன் சால்வையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு தேதி சொன்னார்.

சொன்ன தேதிக்கு ஸ்லாப் வந்து இறங்கியது. அதன் மேல் ஏறி ரெண்டு தடவை குதித்துப் பார்த்த பிறகுதான் என் வீட்டுக்காரி நம்பினாள். பையன்கள் கடைசி சீனை அங்கேயே மறுபடி எடுத்தார்கள். அதில் ஸ்கூட்டரில் ஸ்லாபைத் தாண்டிப் போகிற ஆளாக எனக்கும் ஒரு வேஷம் கிடைத்தது. கண்ணை மூடித் திறந்தால் நான் போய்விட்டிருப்பேன்.

அதற்காக எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. தன்னைப் பார்த்து ஊர் சிரித்ததைத் தாங்கிக்கொண்டு, ஊருக்குச் சொன்ன ஒரு பொய்யை மட்டும் தாங்கிக்கொள்ளாத மனுஷிக்கு நான்தான் புருஷன் என்று, அந்த ஸ்லாப் மேல் வண்டி ஏறும்போதெல்லாம், கேட்காதவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டுதான் போகிறேன்.