அப்பாவின் பரிவட்டம்

கோர்ட் அமீனா கடைக்கு வந்தபோது நான் வள்ளக்காரர் ஒருவருக்கு நைலான் கயிறு அளந்துகொண்டிருந்தேன். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் கயிறும் தார்ப்பாயும் மிதவையும் விற்கிற கடை என்னுடையது. அமீனா நீட்டிய சம்மனில் என் பெயருக்குக் கீழே ‘இறந்துபோன பிரதிவாதியின் வாரிசு’ என்று போட்டிருந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். “செத்த மனுசன் மேல என்னவே கேசு?” என்று அவரிடம் எகிறினேன். அவர் பாவம், என்ன செய்வார். “கையெழுத்தப் போடுங்க அண்ணாச்சி, எனக்கு இன்னும் போக வேண்டிய எடம் கெடக்கு” என்றார்.

கேஸ் எனக்குத் தெரியாத கேஸ் அல்ல. தேரிக்காட்டை ஒட்டிய எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சாதிச் சண்டை மூண்டது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை எங்கள் ஆட்கள் மறித்து வெட்டிக் கொன்றார்கள். சண்டைக்கும் அந்த மனிதருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. என் அப்பாவைப் பிடித்துப் பாளையங்கோட்டை ஜெயிலில் போட்டார்கள். சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை, விடுதலையாகி வந்துவிட்டார். செத்தவரின் மனைவி இடுப்பில் பெண்குழந்தையோடு போய் சிவில் கோர்ட்டில் அப்பா மேல் நஷ்டஈடு கேட்டு ஒரு வழக்குப் போட்டார். அது தள்ளுபடியாகி, மேல்கோர்ட்டுக்குப் போய், மறுபடி கீழே வந்து கிடந்தது. “சிவில் கேசுதானல, ஜவ்வு மாதிரி இழுத்துக்கிட்டே கெடக்கும்” என்று அப்பா சிரிப்பார். அவர் சொன்னபடியே கேஸ் கிடந்தது, அவர்தான் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஊர்ச் சங்கம் எனக்கு ஒரு வக்கீலைப் பிடித்துக் கொடுத்தது. கெட்டிக்காரர், அலட்டிக்கொள்ள மாட்டார். “ரெண்டே விஷயம். அப்பா அன்னைக்கு அந்த இடத்துலயே இல்ல. அப்பாகிட்ட இருந்து ஒங்களுக்கு ஒண்ணும் வரல. வாரிசுக்கு ஒண்ணும் வரலேன்னா வாரிசைத் தொட முடியாது. இத விட்டு அங்க இங்க போயிராதீங்க” என்றார். சரி என்று தலையாட்டினேன். ஆனால் அப்பா அங்கே இருந்தார். அது எனக்குத் தெரியும், எங்கள் ஊரில் நடக்கப் பழகிய பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

முதல் வாய்தாவுக்குப் போனபோது கோர்ட் வராந்தாவில் அந்த அம்மாவைப் பார்த்தேன். வற்றிப்போன உடம்பு, கண்ணில் தடித்த கண்ணாடி, பக்கத்தில் மகள். இடுப்பில் இருந்த அந்தக் குழந்தைதான். இப்போது ஒரு ஷிப்பிங் ஆபீசில் வேலை பார்க்கிறாள், நெற்றிப் பக்கம் முடி நரைத்துவிட்டது. அந்த அம்மா என்னையே பார்த்தார். நான் தூணுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கப் பார்த்தேன்.

“ஏ ஐயா, இங்கன வா. ஒங்கப்பன் மூஞ்சி அப்படியே இருக்கு ஒனக்கு.”

திட்டுவார் என்று நினைத்துப் போய் நின்றேன். திட்டவில்லை.

“எனக்குத் துட்டு வேண்டாம்யா. துட்டு கேக்காம சிவில் கேசு நிக்காதுன்னு வக்கீலு எழுதினாரு, அதுக்குத்தான். எம் புருசனக் கொன்னது இன்னாருன்னு ஒரு கோர்ட்டு சொல்லணும். அத என் காதால கேக்கணும். வேற என்ன எனக்கு?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “வெயிலு ஜாஸ்தியா இருக்கு, உள்ள உக்காருங்கம்மா” என்றேன். தூ! இப்போது நினைத்தாலும் என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அன்று என் சாட்சியம் இருந்தது. வக்கீல் எழுந்து, ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தக்கால் நாட்டியாகிவிட்டது, கால் நாட்டிய பிறகு ஊர்க்காரர்கள் கோர்ட் படி ஏறும் வழக்கமில்லை, கொடை கழிந்து வருகிறோம் என்று வாய்தா கேட்டார். வழக்கம் உண்மைதான். நான் வருஷத்தில் முக்கால்வாசி தூத்துக்குடியில் கிடக்கிறவன், கால் நாட்டிய பிறகு எத்தனையோ படி ஏறியிருக்கிறேன், அது வேறு. ஜட்ஜ் தள்ளிவைத்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

கொடையில் எங்கள் ஊரில் ஒரு மரியாதை உண்டு. சண்டைக் காலத்தில் ஜெயிலுக்குப் போனவர்களுக்கு மத்தியானப் பூசையில் பரிவட்டம் கட்டுவார்கள். அப்பா விடுதலையாகி வந்த வருஷத்திலிருந்தே அவருக்குத்தான் முதல் பரிவட்டம். அந்தப் பட்டுத்துணியைத் தலையில் கட்டிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருந்த ஒரு வருஷம், “மொத வெட்டு நான்தாம்ல” என்று பக்கத்து ஆளிடம் சொல்லிச் சிரித்தார். நான் எதிரே சாம்பார் வாளியோடு நின்றேன். அவர் ஒன்றும் ரகசியம் பேசவில்லை, சத்தமாகத்தான் சொன்னார்.

இந்த வருஷம் மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். “ஊருக்காக உள்ள போன மகராசனோட மகன், அவரு எடத்துல இவரு!” மேளம் முழங்கிற்று. நான் மறுத்திருக்கலாம். வயிற்றுவலி என்று வீட்டில் படுத்திருக்கலாம். தலையைக் குனிந்து கொடுத்தேன். பூசாரி பட்டுத்துணியைச் சுற்றிக் கட்டினார். உண்மையைச் சொல்வதென்றால், நன்றாகத்தான் இருந்தது. ஊரே பார்க்கும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்தது, அதுதான் எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை. சங்கத்துப் பையன்கள் அதை வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள்.

கொடை கழிந்து கோர்ட்டுக்குப் போனேன். மகள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கூண்டில் ஏறி, வக்கீல் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். அப்பா அன்று அங்கே இல்லை. அவரிடமிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லை.

அவள் பக்கத்து வக்கீல் எழுந்தார். சின்ன வயசு, சத்தமே போடவில்லை.

“தகப்பனாரிடமிருந்து உங்களுக்கு ஒன்றுமே வரவில்லையா?”

“வரல.”

“நிலம், வீடு?”

“எல்லாம் அவரு இருக்கும்போதே வித்தாச்சு.”

“பரிவட்டம்?”

என் வக்கீல் துள்ளி எழுந்தார். சம்பந்தமில்லாத கேள்வி, அது கோயில் விஷயம் என்றார். ஜட்ஜ் சற்று யோசித்துவிட்டு, “கேள்விக்குப் பதில் சொல்லட்டும்” என்றார்.

நான் அவளைப் பார்த்தேன். முறைப்பாள் என்று நினைத்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வீட்டுக்காரன் வேட்டி அவிழ்ந்து நிற்பதைப் பார்க்க நேர்ந்தவர்கள் குனிவார்களே, அப்படி. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

“அது வந்துச்சு” என்றேன்.

“எதற்காகக் கட்டுகிறார்கள் அதை?”

என் வக்கீல் இருமினார்.

“கொன்னதுக்கு” என்றேன். “அப்பாதான் மொதல்ல வெட்டுனாரு. அவரே சொல்லி நான் கேட்டிருக்கேன்.”

ஜட்ஜ் அதை வார்த்தை வார்த்தையாகச் சொல்ல, டைப் அடித்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். என் வக்கீல் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். ஊருக்கு இனி எப்படிப் போவேன், சங்கத்துக்காரர்கள் கடைக்கு வந்து என்ன செய்வார்கள் என்று பயந்துகொண்டேதான் வெளியே வந்தேன். ஆனால் பயத்துக்கு நடுவிலும் ஒரு பெருமிதம். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிடுவார், மகள் அழுவாள், நான் ‘இருக்கட்டும், இருக்கட்டும்’ என்பேன் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அந்த அளவுக்கு இருக்கிறது என் லட்சணம்.

மகள் வராந்தாவில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நானே போய்ப் பேச்சுக் கொடுத்தேன்.

“அம்மா வரலையா? இன்னைக்குப் பாத்து வராமப் போயிட்டாகளே.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். குரலில் கோபமே இல்லை.

“நீங்க கொடைக்குன்னு வாங்குன வாய்தாவுலதான், அண்ணாச்சி, அம்மா செத்துப்போனா.”