முழுகிட்டுத்தான் வந்தேன்

கடல் தாண்டிப் போய் ஊரான் ஊரை முன்னேற்றுகிறவர்களைப் பற்றி இப்போது ஆளாளுக்குப் பேசுகிறார்கள். அந்த வேலை எப்படிப்பட்டது என்று என்னைக் கேட்டால் நான் பலவேசத்தைத்தான் சொல்வேன். அவர் மதுரையைத் தாண்டியதில்லை. ஆனால் அப்படி வந்த ஒருவரிடம் கூடவே இருந்து தொழில் கற்றவர். உத்தமபாளையத்தில் சுகாதார ஆபீஸில் அவருக்கு எதிர் நாற்காலியில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். இதை அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. நானும் விடாமல் கேட்டேன், அது என் புத்தி.

1926இல் ஒரு வெள்ளைக்கார டாக்டர் எங்கள் பக்கம் வந்தார். அதற்கு முன் பனாமாவிலும் ஜாவாவிலும் வேலை பார்த்தவர். சம்பளம் கடலுக்கு அப்பால் ஏதோ தர்ம ஸ்தாபனத்திலிருந்து வந்தது. மலைத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய் வந்தவர்கள் வெறுங்கால் வழியே ஏறிக் குடலில் ரத்தம் குடிக்கிற கொக்கிப்புழுவையும் கூட்டி வந்திருந்த காலம். வயலில் இறங்கி நிற்கத் தெம்பில்லாமல் ஜனங்கள் வெளுத்துக் கிடந்தார்கள். புழுவுக்கு மருந்து கொடுக்க வந்த டாக்டருக்குப் பேச்சை மாற்றிச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. தேனியில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுச் சும்மா இருந்த பலவேசம் அந்த ஆளானார்.

டாக்டர் நல்ல மனுஷர். கொடுத்த தண்ணீரை முகம் சுளிக்காமல் குடிப்பார், யார் என்ன சொன்னாலும் சிரிக்க மாட்டார். அவர் பலவேசத்துக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: புஸ்தக வார்த்தை வேண்டாம், அவர்கள் வீட்டுக்குள் பேசுகிற வார்த்தையில் கேள்.

மருந்து கடுமையானது. சாப்பிட்டவர்களுக்கும், கள் குடித்தவர்களுக்கும், வயிற்றில் பிள்ளை உள்ளவர்களுக்கும் கொடுக்கக் கூடாது. ஆகவே மூன்று கேள்விகள். மூன்றாவதை அந்நியப் பெண்களிடம் கேட்கப் பலவேசத்துக்கு நாக்கு எழவில்லை. ‘கர்ப்பமா’ என்பது கோர்ட்டு வார்த்தை மாதிரி இருந்தது. எங்கள் பக்கம், தீட்டு நின்று தலை முழுகாமல் இருக்கிறவளை ‘முழுகாம இருக்கா’ என்பார்கள். நயமான வார்த்தை. அதையே எடுத்துக்கொண்டார். டாக்டர் தட்டிக்கொடுத்தார்.

அனுமந்தன்பட்டி முகாமுக்குச் சந்தனம்மாள் என்கிற பெண் வந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. மாமியார் களையெடுக்கப் போயிருந்ததால் தனியாக வந்தாள்.

“சாப்பிட்டீகளா தாயி?”

“இல்லய்யா.”

“கள்ளு கிள்ளு?”

அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

“முழுகாம இருக்கீகளா?” காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“முழுகிட்டுத்தான் வந்தேன்.”

வேற்று ஆம்பளை ஒருவன் அந்த அர்த்தத்தில் கேட்பான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மருந்து சாப்பிடச் சுத்தமாக வரவேண்டும் போல என்று நினைத்தாள், பாவம். பலவேசம் ‘இல்லை’ என்று எழுதினார். “முடி சொட்டிக்கிட்டு இருந்துச்சுய்யா. அதப் பாத்துக்கிட்டேதான் எழுதுனேன்” என்று என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று எனக்கே தெரியாது.

மூன்றாம் நாள் கரு கலைந்தது. தலை முழுகிய ஈரத்தோடு மருந்து குடித்ததால்தான் போயிற்று என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சு ஒரு வாரம் கழித்துப் பலவேசத்தின் காதுக்கு வந்தது. கேட்ட மாத்திரத்தில் அவருக்கு விளங்கிவிட்டது.

அன்றைக்கே மதுரைக்குப் போனார். டாக்டர் ரயிலேறிக்கொண்டிருந்தார், அடுத்த தேசத்துக்கு. பலவேசத்தின் கையைப் பிடித்துக் குலுக்கி, நிரந்தர வேலைக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே பலவேசம் ஊர் திரும்பினார். வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் பிஜித் தீவிலிருந்து டாக்டர் கடிதம் போட்டார். உங்கள் பள்ளத்தாக்கில் ஒருவருக்கும் தீங்கு வரவில்லை, வீட்டு வார்த்தையில் கேட்கிற உன் முறையைத்தான் இங்கேயும் சொல்லிக்கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தார். பலவேசம் அதைக் கிழிக்கவும் இல்லை, பதில் போடவும் இல்லை. யாராவது குளிக்கக் கிணற்றில் வாளி போடுகிற சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். கலைந்ததற்கு மருந்துதான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று ஒருதரம் சமாதானம் சொன்னேன். என்னை முறைத்தார்.

நான் ஆபீஸில் சேர்ந்த வருஷம், 1929. சந்தனம்மாளின் மாமியார் மொக்கம்மாள் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

“மருமக மறுபடி உண்டாகியிருக்கா அய்யா. அஞ்சு மாசம். தலையில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த விடமாட்டேங்குறா. முழுகாம வந்தியான்னு மருந்துக்காரக அன்னைக்கே கேட்டாக, நாந்தான் முழுகித் தொலைச்சேன்னு சொல்லி அழுகுறா. தலையெல்லாம் புண்ணு. காய்ச்சல் வேற. நீங்க சொன்னாக் கேப்பா.”

பலவேசம் என்னை உள்ளே கூட்டிப்போய், அந்த முகாமில் நடந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னார். முழுகினால் ஒன்றும் ஆகாது என்று மட்டும் சொல்லிவிட்டு வரலாம். வேலையும் பத்திரம். அதைத்தான் செய்யச் சொன்னேன், வெட்கத்தோடு இதை எழுதுகிறேன். ஆனால் வெறும் வார்த்தையை அவள் நம்ப மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அவள் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். முடி சடை பிடித்து, வாடை அடித்தது. பலவேசம் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

“அப்ப நீங்க கேட்டது குளிச்சதப் பத்தி இல்லையா?”

“இல்ல தாயி. பிள்ளையப் பத்தி.”

அவள் சடை பிடித்த முடியைத் தொட்டுப் பார்த்தாள்.

“பிள்ள இருக்கான்னு கேட்டிருந்தா, இருக்குன்னு சொல்லியிருப்பேனேய்யா.”

அவள் மாமியாரிடம் வெந்நீர் போடச் சொன்னாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பாமலே, “நல்லபடியாப் பெத்தா சொல்லி விடுறோம். நீங்க பாக்க வரவேண்டாம்” என்றாள்.

நாலு மாதம் கழித்து ஆள் வந்தான். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். நான் சந்தோஷத்தில் மேஜையைத் தட்டினேன். பலவேசம் மேஜையில் தலை கவிழ்ந்து அழுதார். நிம்மதியில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன்.

“மூத்தது இருந்திருந்தா இப்ப மூணு வயசு” என்றார்.