பதினெட்டு வயது வரைக்கும்

என் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று சென்னையில் சொன்னபோது அவள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். குழந்தைகள் வார்டில் பன்னிரண்டு வயது வரைக்கும்தான் சேர்ப்பார்களாம். பெண்கள் வார்டில் கட்டில் கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் நான்காம் நாள் காலையில் இறந்துபோனார். மகள் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு, "எம்மா, வூட்டுக்குப் போயிடலாம்மா" என்றாள். அவள் காலைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தேன். வடக்கனந்தலில் மரவள்ளி நடுகிறவளுக்கு அங்கே வேறென்ன செய்யத் தெரியும்?

ஆறு மாதம் கழித்து அதே ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் புது வார்டு திறந்தார்கள். பதினெட்டு வயது வரைக்கும் இனி இங்கேதான் என்றார்கள். பிள்ளைகளுக்கென்றே டாக்டர், நர்ஸ், உட்கார்ந்து படிக்க ஒரு மேசைகூட. கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒரு பெண் அங்கே என் மகளுக்குத் தோழியானாள். இரண்டு மொட்டைத் தலைகளும் ஒரே செல்போன் மேல் கவிழ்ந்துகிடக்கும். மகள் சிரிப்பதை வெகுநாளைக்குப் பிறகு கேட்டேன்.

அடுத்த முறை ஊசிக்குப் போனபோது அந்தப் பெண் வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. போன் போகவில்லை. மகள் நச்சரித்ததால் நானும் வீட்டுக்காரரும் பஸ் ஏறி மலைக்குப் போனோம்.

அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் பிரசவமாகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. "இன்னாக்கா பண்றது?" என்றார் அவள் அப்பா. "பச்சப்புள்ளக்காரிய தனியா வுட்டுட்டு நான் எப்பிடி அங்க உக்காந்துகினு இருக்கறது?"

"எங்ககூட அனுப்புங்க தம்பி. ரெண்டு பேத்தயும் நானே பாத்துக்கறேன்."

அவர் மகளின் துணிகளைப் பையில் எடுத்துவைத்தார்.

சென்னையில் அவளுக்குப் பரிசோதனை முடிந்ததும் டாக்டர் என்னைத்தான் கூப்பிட்டார். "நோய் திரும்பிடுச்சும்மா. அவங்க அப்பாவை உடனே வரச் சொல்லுங்க."

வெளியே வந்தேன். அவள் மேசையில் என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். "டாக்டர் இன்னா சொன்னாங்க அத்த?"

"அப்பாவ வரச் சொன்னாங்கம்மா."

"ஏன்?"

"மொதல்ல கணக்க முடிங்கம்மா" என்றேன்.

அவர் வந்து சேர மூன்று நாள் ஆனது. மருந்து இருந்தது, கட்டில் இருந்தது, பார்த்துக்கொள்ள ஆட்களும் இருந்தார்கள். ஆனாலும் பொங்கலுக்கு முன்பே அவள் போய்விட்டாள். என் மகள் பிழைத்துக்கொண்டாள். அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்று நினைக்கிறேன். கால் வரமாட்டேன் என்கிறது.