கிணற்றுக்கு மேலே ஓர் இஞ்சின்

“மாசிலாமணி, வயது நாற்பது, திண்டிவனம் பக்கத்துச் சேரி, விவசாயக் கூலி, இயந்திர ஞானம் இல்லை.” யுத்தத்துக்கு ஆள் தேடி 1943இல் எடுத்த பட்டியல் ஒன்றில் இப்படித்தான் இருக்கிறது. எழுத வந்தவர் அவரை விசாரித்தபோது அவர் ஒரு லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். வெளியே தெரிந்த இரண்டு கால்களைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தவர் போய்விட்டார்.

இஞ்சின் ஓடும்போது மாசிலாமணி திருப்புளியின் பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு, முனையை இஞ்சின்மேல் வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். “மூணாவது ஊட்டுல சண்டை நடக்குது” என்பார். மூன்றாவது சிலிண்டரைத் திறந்து பார்த்தால் கோளாறு அங்கேதான் இருக்கும்.

விழுப்புரத்தில் ஒரு பஸ் கொட்டகையில், கிளம்பாத பஸ்ஸைத் தள்ளுவதற்கென்று பன்னிரண்டு வருஷம் அவரை வைத்திருந்தார்கள். ஏன் கிளம்பவில்லை என்பது உள்ளே உட்கார்ந்திருந்தவர்களைவிடத் தள்ளியவருக்குத்தான் முதலில் புரிந்தது. அங்கே கற்றுக்கொண்ட இன்னொன்று, பெரிய மனிதர்களை ‘மொதலாளி’ என்பது. ஊர் திரும்பியபின், சேரியில் மற்றவர்கள் ‘ஆண்டே’ என்று கூப்பிடும் பண்ணையார் சுப்பராயலுவையும் அப்படியே கூப்பிட்டார். பண்ணையாருக்கு அது சோற்றில் கல் கடித்ததுபோல் இருக்கும்.

ஆனால் மாசிலாமணியை விட்டால் பண்ணையாருக்கு வேறு வழியில்லை. பின்பக்கம் திறந்த அவருடைய சின்ன லாரி, பதினைந்து வருஷத்துப் பழசு, மல்லாட்டைக் கடலை மூட்டைகளோடு விழுப்புரம் ரோட்டில் இஞ்சின் உடைந்து நின்றுவிட்டது; மாடு பூட்டிப் பண்ணைக்கு இழுத்து வந்தார்கள். யுத்தத்தில் புது வண்டி ஏது? கூட்டேரிப்பட்டில் புளியமரத்தில் மோதிக் கிடந்த ஒரு பஸ்ஸின் இஞ்சினும் கியர் பெட்டியும் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன. வேறு கம்பெனி, வேறு அளவு. மாசிலாமணி கொல்லனிடம் புதுத் தாங்கிகள் அடித்து வாங்கினார். இடைவெளியில் பழைய டயரை அறுத்துத் திணித்தார். பின்சக்கரத்துக்குப் போகும் தண்டைச் சாண் அளவு குட்டையாக்கினார்.

தூக்குவதற்குத்தான் எதுவுமில்லை. பட்டணமாயிருந்தால் சங்கிலிக் கப்பி இருக்கும். இங்கே பண்ணைக் கிணற்று ஏற்றம் இருந்தது. கிணற்றின் வாயில் பனைமரங்களைப் பரப்பி, லாரியின் மூக்கை அதன்மேல் ஏற்றி நிறுத்தினார். ஏற்ற மரத்தின்மேல் மூன்று பேர் பின்னோக்கி நடக்க, சால் தொங்கவேண்டிய இடத்தில் இஞ்சின் தொங்கியது. பழையதை இப்படித்தான் எடுத்தார். புதியதையும் பனைமரத்தில் நின்றபடி தோளால் தள்ளித் தள்ளி இப்படித்தான் இறக்கினார். கீழே இருபது முழம் பள்ளம், அப்புறம் தண்ணீர்.

ஏற்றத்தின்மேல் நின்ற பண்ணையாள் சின்னதுரை, ஊர்த்தெருக்காரன், “பாத்து மாசிலாமணி, கைய உட்டீன்னா இஞ்சினுக்கு ஞானஸ்நானம் ஆயிடும்” என்றான்.

“அதுக்காவது ஆவட்டும். எனக்குத்தான் இந்தத் தண்ணி எட்டாது.”

உண்மைதான். ஒரு பகல் முழுக்கக் கிணற்றுக்கு மேலேயே நின்றவர், தாகமெடுத்தால் கீழே இறங்கி, தள்ளிப் போய், யாராவது உயரத்திலிருந்து ஊற்றும்வரை கையைக் குவித்துக்கொண்டு குனிந்திருக்க வேண்டும். பழைய இஞ்சினிலிருந்து சொட்டிய கறுப்பு எண்ணெய் தண்ணீரெல்லாம் படர்ந்தது. அதைத் தீட்டென்று ஒருவரும் சொல்லவில்லை. சின்னதுரை வாளியில் மிதந்ததை விரலால் விலக்கிவிட்டுக் குடித்தான்.

மறுநாள் காலை லாரியைத் தரைக்கு இழுத்துவிட்டு, பனைமரங்களை அகற்றிவிட்டு, ஆட்கள் கூழ் குடிக்கப் போய்விட்டார்கள். மூட்டைகள் விழுப்புரம் போகக் காத்திருந்தன. ரேடியேட்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மாசிலாமணி வாளியோடு கிணற்றோரம் நின்றார். வெயில் ஏறியது.

“இன்னும் கெளப்பலையா? ஜல்தியா முடிடா” என்று வந்தார் சுப்பராயலு.

“தண்ணி ஊத்தணும் மொதலாளி. ஊத்தாம ஓட்டுனா இஞ்சின் வெந்துபூடும்.”

“ஆளு வர்ற வரைக்கும் குந்து.”

“நானே மொண்டுக்கினு வந்துடறேனே.”

“லாரிய ரிப்பேர் பண்ணிட்டா கெணறு ஒன்னுதாயிடுமா? படியில கால வச்சீன்னா இந்த ஊர்ல ஒனக்கு வேலையில்ல. பாத்துக்க.”

“வண்டி குடிக்கலாம். அதுக்குக் கொடல மாத்தி வச்சவன் குடிக்கக் கூடாது. நல்லாக்கீது மொதலாளி ஒங்க ஞாயம்.”

“என்னடா, பேசிக்கினே போற?”

“பேசி முடிச்சிட்டேன்.”

மாசிலாமணி கிணற்றுப் படியில் இறங்கினார். இரண்டு கைகளாலும் அள்ளி வயிறு நிறையக் குடித்தார். பிறகு வாளியை நிரப்பிக்கொண்டு மேலே வந்து, ரேடியேட்டரில் ஊற்றினார்.