கார் ஏசி வாயில் மாட்டிய கட்டைவிரல்

இன்று காலை திருவரங்கமே வெடித்துச் சிதறியிருக்க வேண்டியது. என் கட்டைவிரல் குறுக்கே நின்றதால் ஊர் தப்பியது.

கார் ஏசியில் கேஸ் கசிந்தது. அதன் வால்வு பார்ப்பதற்கு டயர் வால்வு மாதிரியே இருந்தது. வாசலில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டு, டயர் வால்வு திருகும் சாவியாலேயே அதை இறுக்கினேன். இறுக்கியதாக நினைத்துக் கழற்றியிருக்கிறேன்.

ஆதிசேஷன் ஆயிரம் வாயாலும் சீறினான். பதறிப்போய்க் கட்டைவிரலால் அடைத்தேன். விரல் இமயமலையாக உறைந்தது. எடுத்தால் முகத்தில் அடிக்கும், எடுக்காவிட்டால் விரல் போய்விடும். தோளில் கிடந்த துண்டு வேறு, சுற்றும் பெல்ட்டை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தது.

எதிர்வீட்டு மாமா குளித்துவிட்டு, ஈர வேட்டியும் துரட்டியுமாகப் பூஜைக்குப் பூப்பறிக்க வந்தார்.

"மாமா, உள்ள உக்காந்து வண்டிய ஆஃப் பண்ணுங்க."

"நான் மடியா இருக்கேனே ஓய். சீட்டெல்லாம் தோலாச்சே, தொட்டா தீட்டு."

"விரல் போயிடும் மாமா."

மாமா யோசித்தார். எனக்கு ஒரு யுகம் கழிந்தது. பிறகு திறந்திருந்த ஜன்னல் வழியே துரட்டியை நீட்டிக் குத்தினார். முதலில் ஹாரன் அலறியது, என் உயிர் பாதி போனது. இரண்டாவது குத்து ஸ்டார்ட் பட்டனில் விழுந்து இன்ஜின் அடங்கியது.

பெல்ட் நின்றது, சீற்றமும் தணிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு விரலை எடுத்தேன். மிச்ச கேஸ் வானேறியது.

"கேஸ் போனா போறது ஓய், மடி போகலை" என்றார் மாமா.

திருச்சியில் தென்னூர், புத்தூர் பக்கம் நல்ல ஏசி மெக்கானிக் இருந்தால் சொல்லுங்கள். அவரே வந்து வண்டியை எடுத்துப் போகட்டும். நான் வீட்டுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.